கள்ளித் தோட்டமும் மாப்பிள்ளையும்

பிப்ரவரி 26, புதன்

வந்து சேர்ந்தேன். பீனிக்ஸ் விமான நிலையத்தில் மங்கையும் மாப்பிள்ளையும் நின்றார்கள். நின்ற விதமே எனக்குப் பிடிபடவில்லை. பெட்டி வைக்கிற தள்ளுவண்டியை நடுவில் விட்டுவிட்டு, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மங்கை இளைத்திருக்கிறாள். "என்னட்டி, எலும்பும் தோலுமா நிக்கெ?" என்றேன். "வந்ததும் ஆரம்பிச்சிட்டியாம்மா" என்றாள். மாப்பிள்ளை இசக்கிராஜன் "வாங்க அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. கோவில்பட்டியில் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் சொன்னது ஒன்றுதான். "நாலு மாசமா அவ வீடியோவுல மூஞ்சியக் காட்ட மாட்டேங்கா. நான் வரலாம்னா முட்டுவலி விடாது. நீ போயி உன் கண்ணால பாத்துட்டு வா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா, அதை மட்டும் எனக்குச் சொல்லு." தபால் ஆபீஸில் இருந்தவளுக்கு உறையைப் பார்த்தே உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

வீடு பளபளவென்று இருக்கிறது. சுவரில் ஒரு படம் இல்லை. கல்யாணப் போட்டோ எங்கே என்று கேட்டேன். பெயிண்ட் அடிக்க எடுத்து வைத்திருக்கிறார்களாம். சாமி படங்களும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன. அடுப்பில் தாளிக்கக் கூடாதாம், வாடை சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். தாளிக்காமல் என்னத்தைச் சமைக்க?

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று மாப்பிள்ளை என்னைப் பாலைவனத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். மங்கைக்கு மீட்டிங்காம்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனால் கள்ளி. பக்கத்தில் இன்னொரு கள்ளி. திரும்பினால் அதைவிடப் பெரிய கள்ளி. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்துச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். நம் ஊர்க் கம்மாய்க்கரையில் சீந்த ஆளில்லாத சப்பாத்திக்கள்ளிக்கு இங்கே ராஜமரியாதை. ஒரு வெள்ளைக்கார அம்மா அதன் முன்னால் மண்டி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிழக்கே போனால் பந்தல் கால்போல உயர்ந்த கள்ளிகள் நிற்கின்றன. சகுவாரோ என்று பெயர். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளைகள்போலக் கை தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

ஒரு மரத்தடியில் நின்றேன். இலை, முள், காய் எல்லாம் தெரிந்த முகமாக இருந்தது. சீமைக்கருவேலம்! அப்படியே அதுதான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் பலகையைப் படித்துவிட்டு, "அதோட பங்காளி அத்தை. இங்க இதுக்கு மெஸ்கீட்னு பேரு. இதுதான் பிறந்த வீடு" என்றார். நம் ஊரில் புல்டோசர் வைத்துப் பிடுங்குகிறோம். இங்கே அதன் நிழலில் பெஞ்சு போட்டு, நாலு பேர் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள்.

எங்கள் பக்கம் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் "வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள" தவிர நான் இவரிடம் பேசியது குறைவு. இன்று அரை நாள் தனியாக இவரோடு நடந்தேன். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு வெயில் ஏறியதில் கூச்சம் போய்விட்டது.

மார்ச் 3, திங்கள்

நடப்பதற்கென்று ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். சேலைக்குக் கீழே ஷூ. கண்ணாடியில் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

காலையில் மலைப்பாதையில் ஒரு நடை. திரும்பி வந்தால் என் அறைக் கட்டிலில் போர்வை வேறு மாதிரி மடித்திருக்கிறது. என் பெட்டி அலமாரிக்குள் போயிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் பச்சை ஆப்பிள். நடந்து வந்த பசிக்கு ஒன்றை எடுத்துக் கடித்தேன். மங்கை ஓடிவந்து, "அதை ஏம்மா எடுத்தே?" என்று கத்தினாள். ஆப்பிளைத் தின்னாமல் பூஜையா செய்வார்கள்? பிறகு அவளே வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வேலைக்காரி வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனாளாம்.

நாங்கள் வெளியே போகிற நாளில்தான் அவள் வருகிறாள். இருக்கட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று கொஞ்சம் ஏற்றமான பாதை. ஏற்றம் என்றால் நம் கழுகுமலையில் பாதிகூட இருக்காது. ஆனாலும் மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை என் பையை வாங்கிக்கொண்டார். வேண்டாம் மாப்ள என்றேன். "மேல போனா வாங்கிக்கோங்க. அங்க போயி போட்டோ எடுக்கும்போது நீங்களே தூக்கினதா இருக்கட்டும்" என்றார். இவருக்கு வேடிக்கையாகப் பேச வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

உச்சியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம். தபால் ஆபீஸில் விலாசம் சரியில்லாத கடிதத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். பத்து வயதில் அம்மா போய்விட்ட பிள்ளை. கல்யாணம் பேசும்போதே தெரியும். ஆனால் அது தகவலாகத்தான் தெரிந்திருந்தது. ஆரஞ்சுத் தோலை வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இங்கே தோலைக்கூட மண்ணில் போடக் கூடாதாம்.

இரவுச் சாப்பாட்டில் கவனித்தேன். மங்கை உப்பை நகர்த்தினாள். இவர் "தேங்க்ஸ்" என்றார். இவர் தண்ணீர் ஊற்றினார். அவள் "தேங்க்ஸ்" என்றாள். புருஷன் பெண்டாட்டிக்குள் இவ்வளவு மரியாதை எதற்கு? நானும் என் வீட்டுக்காரரும் கல்யாணமான நாளிலிருந்து இதுவரை ஒரு தடவைகூட நன்றி சொல்லிக்கொண்டதில்லை. சண்டை போட்டால் தெரிந்துகொள்ளலாம். இவர்கள் சண்டையும் போடுவதில்லை. உறையில் முத்திரை சரியாக இருக்கிறது, விலாசம் சரியாக இருக்கிறது, எடுத்தால் கனமே இல்லை. என்ன உறை இது?

மார்ச் 15, சனி

பழங்குடியினரின் இடம் ஒன்றைக் காட்டினார். மண்ணால் கட்டிய பெரிய வீட்டின் மிச்சச் சுவர்கள். அதைச் சுற்றி அவர்கள் வெட்டிய வாய்க்காலின் தடம். மழை இல்லாத பூமியில் ஆற்றிலிருந்து கையால் வாய்க்கால் வெட்டிச் சோளமும் பருத்தியும் விளைவித்திருக்கிறார்கள். கரிசல்காட்டுக்காரி எனக்கு அது கோயிலைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அங்கே விளக்கிச் சொன்ன அம்மாளுக்கு என் வயதிருக்கும். சட்டையில் வெர்னா என்று பெயர் குத்தியிருந்தது. நீண்ட பின்னல், அகலமான முகம். மெஸ்கீட் காயை இடித்த மாவில் செய்த பிஸ்கட் ஒன்று எல்லாருக்கும் கொடுத்தாள். சீமைக்கருவேலத்தைத் தின்றேன் என்று ஊரில் சொன்னால் யார் நம்புவார்கள்? இனிப்பாகத்தான் இருந்தது.

நான் என் ஆங்கிலத்தில், "இந்த மக்கள் எல்லாம் எப்போது போய்விட்டார்கள்?" என்று கேட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எல்லாரும் இதையே கேக்கறீங்க. நான் இங்கதானே நிக்கறேன். திங்கள் தவிர எல்லா நாளும் டூட்டி" என்றாள். கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. மாப்பிள்ளைகூடச் சிரித்தார்.

மார்ச் 22, சனி

மாப்பிள்ளை வீட்டிலேயே இருக்கிற ஆபீஸ் அறையில்தான் படுக்கிறார். குறட்டை விடுவதால் மங்கைக்குத் தூக்கம் வருவதில்லையாம். என் வீட்டுக்காரர் விடும் குறட்டையில் ஓடு பெயரும். நானா போய் வேறு அறையில் படுத்தேன்?

ஊரிலிருந்து போன் வந்தது. "என்ன, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். "மாப்பிள்ளை தங்கமான மனுசன்" என்றேன். "நான் அதையா கேட்டேன்?" என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

இன்று நடை சீக்கிரம் முடிந்துவிட்டது, காலில் ஒரு கொப்புளம். முன்னதாகவே வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் கோட்டு போட்ட ஒரு பெண்மணி, அவளோடு கைக்குழந்தையும் புருஷனுமாக ஒரு சின்னக் குடும்பம். உள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கதவுக் கைப்பிடியில் நான் வந்த நாளிலிருந்து ஒரு கனத்த பூட்டுப்பெட்டி தொங்குகிறது; கோட்டுக்காரி வீட்டுச் சாவியை அதற்குள் போட்டு மூடினாள். குழந்தைக்காரி திறந்திருந்த கார் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, "அழகான வீடு" என்றாள். மாப்பிள்ளை காரை நிறுத்தாமல் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்.

யார் என்று கேட்டேன். "காலனி அசோசியேஷன் ஆளுங்க அத்தை" என்றார். சரி என்றேன்.

எனக்கு அவ்வளவு மூளை இல்லாமல் இல்லை. வீட்டை விற்கிறார்கள். படங்களைக் கழற்றியது, தாளிக்க விடாதது, ஆப்பிள் கிண்ணம், என்னைக் கள்ளி கள்ளியாகக் காட்டியது எல்லாம் அதற்குத்தான். ஆள் வந்து பார்க்கிற நேரத்தில் மாமியாரை அப்புறப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். பழைய பீரோவைக் கொல்லைப்பக்கம் நகர்த்துகிற மாதிரி. கோபமாக வந்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஆசை ஆசையாக வாங்கிய வீட்டை எதற்கு விற்கிறார்கள்? மாப்பிள்ளைக்கு வேலை போயிருக்கிறது. அதுதான். காலையெல்லாம் இவர் என்னோடு மலை ஏறுகிறாரே, எந்தக் கம்பெனியில் அப்படி விடுவார்கள்? வேலை போன ஆம்பளை மனசு விட்டுப் பேச மாட்டான், பெண்டாட்டி பக்கத்தில் படுக்கவும் கூசுவான். எல்லாம் விளங்கிவிட்டது. பாவம்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த ஊரில் பட்டையே பச்சையாக இருக்கிற மரங்களெல்லாம் மஞ்சளாகப் பூத்துவிட்டன. பாதை முழுக்கப் பூ.

இன்று நடக்கும்போது சாடையாகச் சொன்னேன். "மாப்ள, வேலைங்கிறது வரும், போகும். அதை வச்சு மனுசன எடை போடக் கூடாது." அவர் விழித்தார். "நம்ம ஊருலயும் இப்போ கம்ப்யூட்டர் கம்பெனி நிறைய வந்திட்டு. ஒண்ணும் சரிப்படலைன்னா ரெண்டு பேரும் கோவில்பட்டிக்கு வந்திருங்க. மாடி சும்மாதான் கெடக்கு" என்றேன். "சரிங்கத்தை" என்றார். கொஞ்ச தூரம் போய், "அத்தை, உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

நான் அவரைத் தேற்றப் போனால் அவர் என்னைத் தேற்றுகிறார். மங்கையிடமும் ஜாடை காட்டிப் பார்த்தேன். அவளும் அதே மாதிரி விழித்தாள். ஆனால் இன்று சாயங்காலம் இருவரும் சமையலறையில் மெதுவாகப் பேசிக்கொண்டதும், அவள் சிரித்ததும் கேட்டது. வந்ததிலிருந்து அவள் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்லதுதான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். இன்று வெயில் அதிகம்.

ஏப்ரல் 12, சனி

துணி துவைத்தேன். மடித்தேன். மங்கை ஒரு படம் போட்டாள், பார்த்தேன். என்ன படம் என்று நினைவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எழுதாமல் இருந்தால் நடக்காமல் ஆகிவிடாது. எழுதுகிறேன்.

பங்குனி உத்திரத்தன்று எங்கள் குடும்பம் எங்கே இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடும். குலதெய்வம். கூரை கிடையாது, கோபுரம் கிடையாது, மரத்தடியில் நட்ட கல், அதில் மஞ்சளும் குங்குமமும். இந்த வருஷம்தான் போக முடியவில்லை. காலையிலிருந்து மனசு சரியில்லை. எங்கே போகலாம் அத்தை என்று மாப்பிள்ளை கேட்டபோது, ஏதாவது மலைக்குப் போங்கள் என்றேன்.

ஊருக்கு வெளியே ஒரு குன்று. கறுத்த பாறைகளில் பழங்குடி மக்கள் கொத்தி வைத்த உருவங்கள் இருக்கின்றன. சுருள் சுருளாகக் கோடு, மான், கையை விரித்து நிற்கும் மனிதன். பாதை திரும்புகிற இடத்தில், மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்க, கிழக்கே பார்த்து ஒரு பாறை. அதில் ஒற்றை உருவம். மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டு பின்னால் வந்தார்.

தொடாதீர்கள் என்று பலகை இருந்தது. படிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குப் பலகையாகவே படவில்லை. வெட்டவெளி, நின்ற கல், உத்திரத்துப் பகல். இந்த ஊர்க்காரர்களின் சாஸ்தா இவர்தான் என்று தோன்றிவிட்டது. செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஷூவைக் கழற்றினேன். பையில் ஊர்க் குங்குமம் இருந்தது. உருவத்தின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டு, பாறையைச் சுற்றி வரத் தொடங்கினேன்.

"நில்லு!" என்று ஒரு சத்தம். வெர்னா. அன்று பிஸ்கட் கொடுத்த அதே அம்மாள். ஒரு கூட்டத்தை அழைத்து வந்திருக்கிறாள். ஓடி வந்தாள். நான் பதறி முந்தானையால் துடைக்கப் போனேன். "துடைக்காதே! இன்னும் அப்பும்" என்று கையைத் தட்டிவிட்டாள். எங்கள் கோயில் கல்லில் யாரோ ஒரு சுற்றுலாக்காரி வந்து மையைப் பூசினால் எனக்கு எப்படி இருக்கும்? அது அப்போதுதான் உறைத்தது. இது சும்மா கிடக்கிற பாறை இல்லை, அவள் பாட்டன் பூட்டன் வைத்துவிட்டுப் போனது. "சாரி, சாரி" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

சுத்தம் செய்வதற்கென்று தெரிந்த ஆள் வர வேண்டுமாம். அவரிடம் சொல்ல, இது என்ன பொடி, எதற்காக வைத்தாய் என்று வெர்னா கேட்டாள். மாப்பிள்ளை ஓடி வந்துவிட்டார். "ஏன் வச்சீங்கன்னு கேக்காங்க அத்தை."

ஆங்கிலத்தில் சொல்கிற விஷயமா அது? தமிழில் சொன்னேன். "இன்னைக்கு உத்திரம்னு சொல்லுங்க. எங்க சாமி எட்டாத தூரத்துல இருக்குன்னு சொல்லுங்க. எம்மகளும் மருமகனும் கடைசிவரைக்கும் ஒண்ணா இருக்கணும், வீடு வாசல் போனாலும் போகட்டும், இவங்க ரெண்டு பேரும் பிரியாம இருக்கணும்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். மூடினார். வெர்னா காத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமான ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு அது விளங்காது என்று நினைத்திருப்பார். வந்த புதிதில் விளங்கவில்லைதான். ஒன்றரை மாதம் இவர் கூடவே சுற்றியதில் காது பழகிவிட்டது.

"இன்று எங்களுக்குத் திருநாள். மகளின் கல்யாண வாழ்க்கைக்காக வேண்டியிருக்கிறார். அந்தப் புருஷன் நான்தான். ஜனவரியிலேயே விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். இவருக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை."

வெர்னா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனாலும் பாறையில் வைக்கக் கூடாது" என்றாள். நியாயம்தான்.

"அந்த அம்மா என்ன சொல்லுதாங்க மாப்ள?" என்று கேட்டேன். "இனிமே இப்படி வைக்க வேண்டாம்னு சொல்லுதாங்க அத்தை." "நீங்க என்ன சொன்னீக?" "இன்னைக்கு எங்க திருநாள்னு சொன்னேன்." சரி என்றேன். இறங்கும்போது ஒரு செங்குத்தான இடத்தில் கை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வேலை போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூன்று நாள் தெரியாதவள் மாதிரி நடித்துப் பார்த்தேன். அவர்கள் எனக்காக நடிக்கிறார்கள், நான் அவர்களுக்காக நடிக்கிறேன். இந்த நாடகத்துக்கு யார் டிக்கெட் வாங்கியது? இன்று காலை மாப்பிள்ளை ஆபீஸ் போனதும், இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை எடுத்தேன். நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், வத்தல், பூண்டு, புளி. ஜன்னலைத் திறக்கவில்லை. வீடே மணத்தது.

மங்கை மாடியிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தாள். "ஏம்மா! பதினோரு மணிக்கு ஆளு வாராங்கம்மா!"

"யாருட்டி வாரா?"

"அசோசியேஷன்ல..."

"அசோசியேஷன் கருவாடு திங்காதா?"

நான் அடுப்பை அணைத்தேன். "வீட்டை வித்துட்டு நீ எங்க போவே? அவரு எங்க போவாரு? ரெண்டும் ரெண்டு இடமா?" என்று கேட்டேன்.

அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடிக்கட்டும் என்று விட்டேன். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

"அடிச்சாரா?" என்றேன். இல்லையாம். "குடிக்காரா? வேற யாரும் இருக்காளா? இல்ல, உனக்கு வேற யாரும்...?" இல்லை, இல்லை, இல்லை. "பிறகு என்னத்துக்குட்டி?"

"அதாம்மா எனக்கும் சொல்லத் தெரியல. சண்டையே இல்ல. அவரு வீட்டுக்கு வந்தா எனக்குச் சந்தோஷமும் இல்ல, வரலைன்னா தேடவும் இல்ல. அவருக்கும் அப்படித்தான். ரெண்டு வருஷம் என்னவெல்லாமோ செஞ்சு பாத்தோம். நல்ல மனுசன்ம்மா. ஆனா ஒரே வீட்டுல ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் இருந்தோம். எழுதிக் கொடுத்த பிறகுதான் ரெண்டு பேருக்கும் மூச்சு விட முடியுது."

"என்னைக் கூப்பிடாம இருந்திருக்கலாமே?"

"அதுக்கு முன்னாடியே டிக்கெட் போட்டாச்சும்மா. நீ ஊருக்குப் போன பிறகு போன்ல சொல்லிக்கலாம்னு நான்தான் சொன்னேன். வீட்டைக் காட்டுற நேரத்துல உன்னை வெளிய கூட்டிட்டுப் போங்கன்னும் நான்தான் கேட்டேன்."

"அதான் தெரியுதே. மாமியாரைக் கடத்திட்டுப் போக ஒரு கள்ளித் தோட்டம்."

மங்கை மூக்கைத் துடைத்தாள். "வீடு மார்ச் கடைசியிலேயே முடிஞ்சிட்டும்மா. நீ பாத்தியாமே, கைக்குழந்தையோட, அவங்கதான் வாங்கிட்டாங்க. அதுக்கு அப்புறம் யாருமே பாக்க வரல. இன்னைக்கு அவங்க ஜன்னலுக்கு அளவெடுக்க வாராங்க, அவ்வளவுதான். போதும், இனிமே கூட்டிட்டுப் போக வேண்டாம்னு நான் சொல்லிட்டேன்."

"பிறகு ஏன் கூட்டிட்டுப் போறாரு?"

"அவராத்தான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறாரு. எனக்கென்ன தெரியும்? போயி அவர்கிட்ட கேளு."

பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். குழந்தைக்காரி மூக்கைச் சுளித்தாள். அளவெடுத்துவிட்டுச் சீக்கிரம் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 19, சனி

யார் மேல் தப்பு என்று தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். மங்கை மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், கறுப்பு வளையம் போய் அவள் கண் தெளிந்திருக்கிறது. நேற்று இரண்டு தட்டுச் சோறு தின்றாள். மாப்பிள்ளை மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், காலையில் என் தண்ணீர் பாட்டிலை நிரப்பி மேசையில் வைத்திருக்கிறார். ஒரு குற்றவாளிகூட இல்லாமல் ஒரு குடும்பம் கலையுமா? எங்கள் காலத்தில் அப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. குற்றவாளி இருந்தும் கலையாத குடும்பங்கள்தான் எனக்குத் தெரியும்.

இன்று மூன்று பேருமாகத்தான் நடக்கப் போனோம். மங்கை எங்களுக்கு முன்னால் போய்விட்டாள். பாறை சுத்தமாகிவிட்டதாம், வெர்னா மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொன்னாளாம். இனி அந்தப் பக்கம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு வரச் சொல் என்றாளாம். அவள் சொன்னதைச் சொல்லும்போது அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

"நீங்க அன்னைக்கு இங்கிலீசுல சொன்னது எனக்கு வெளங்கிட்டு மாப்ள" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "தெரியும் அத்தை. கீழ இறங்கும்போது என் கையை நீங்க பிடிச்ச பிடியிலயே தெரிஞ்சிது."

"பிறகும் ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா நாளைக்கு நடக்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

நாலு நாளாக மங்கைக்காக அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகாது, அவள் நன்றாக இருப்பாள் என்று பார்த்தாலே தெரிகிறது. இந்த மனிதரை நான் ஆறு வருஷம் தூரத்தில் நிற்க வைத்து உபசரித்தேன். இப்போதுதான் கிடைத்தார். கிடைத்த கையோடு போகிறார். அதற்குத்தான் அழுதிருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

விமான நிலையம். மங்கை என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றாள். "வேண்டாம், நேர்ல சொல்ல வேண்டியதை நான் சொல்லுதேன். நீ வீடியோவுல மூஞ்சியக் காட்டு, அது போதும்" என்றேன்.

மாப்பிள்ளை தள்ளிப்போய் ஒரு தூண் பக்கத்தில் நின்றார். தாயும் மகளும் பேசட்டும் என்று நின்றிருப்பார். அல்லது தனக்கு இனி எந்த இடம் என்று தெரியாமல் நின்றிருப்பார். கூப்பிட்டேன். வந்தார். பையிலிருந்து திருநீறை எடுத்தேன். மாப்பிள்ளைமாருக்குத் தட்டில் வைத்து நீட்டுவதுதான் எங்கள் வழக்கம். தொட்டுப் பூசுவது பெற்ற பிள்ளைக்கு. நான் விரலில் எடுத்தேன். அவர் உயரம், எனக்கு எட்டவில்லை. புரிந்துகொண்டு குனிந்தார். நெற்றி நிறையப் பூசினேன். கண்ணில் விழாமல் இருக்க ஊதியும் விட்டேன்.

"நேரத்துக்குச் சாப்பிடு. ஒத்தையில இருக்கேன்னு ஓட்டல்ல தின்னு உடம்பக் கெடுத்துக்கிடாத. என்னப்பா?" என்றேன்.

"சரிம்மா" என்றார். அத்தை என்று சொல்ல வந்திருப்பார். வாயில் அது வந்துவிட்டது. மங்கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மே 3, சனி

நேற்று முன்தினம்தான் என் வீட்டுக்காரரிடம் முழுவதையும் சொன்னேன். நேற்று மங்கையோடு வீடியோவில் பேசினார். "முகம் தெளிவாத்தான் இருக்கு" என்றார். "அதான் எனக்கும் ஒண்ணும் புரியல" என்றேன்.

இன்று விடியற்காலையில் நடக்கக் கிளம்பும்போது போன். அங்கே இன்னும் வெள்ளிக்கிழமைச் சாயங்காலம். "நடந்தாச்சா?" என்று கேட்டான். "உன் போனைப் பேசிக்கிட்டு எப்படிடா நடக்க?" என்றேன். புது வாடகை வீட்டில் ஒண்டியாக ரசம் வைக்கிறானாம், புளி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும் சொன்னேன்.

உள்ளிருந்து அவர் கேட்டார், "யாரு போன்ல?"

"இசக்கி."

பேப்பரை இறக்கினார். "அதான் எல்லாம் முடிஞ்சு போச்சுல்லா. இன்னும் இங்க எதுக்குப் போன் பண்ணுதான்?"

"அவளுக்கும் அவனுக்கும்தான் முடிஞ்சுது" என்றேன். "இப்போ எனக்குப் பண்ணுதான்."